விண்டோஸ் 10-இலிருந்து லினக்ஸ் மிண்டுக்கு மாறும்போது: அறிகுறி வழியாகப் பிழை நீக்கும் வழிமுறை

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளையும், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பிராசசர்களையும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கணினியை லினக்ஸுக்கு மாற்றலாமா என்ற கேள்வி பலருக்கும் எழுந்திருக்கிறது. அவர்களில் லினக்ஸ் மிண்ட் 22 வரிசையின் சின்னமன் பதிப்பைத் தேர்ந்தவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. அந்த வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்பு இற்றைகளை (அப்டேட்களை) பெறும். உபுண்டுவை நேரடியாக நிறுவுவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மாற்றத்தின்போது எழும் சிக்கல்களில் கணிசமானவை லினக்ஸால் வருபவை அல்ல. கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் அமைப்பிலோ, விண்டோஸ் டிஸ்க்கை விட்டுச்சென்ற நிலையிலோதான் அவற்றின் வேர் இருக்கும். ஆகவே, பிழை எந்தக் கட்டத்தில் தோன்றுகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். திரையில் வரும் பிழைச் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது பலன் தந்தது, எது புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல இயலாது.

விண்டோஸ் இன்னும் திறக்கும்போதே முடிக்க வேண்டியவை

இவை அறிகுறிகள் அல்ல என்றாலும், கீழே வரும் அறிகுறிகளில் பாதியைத் தோன்றாமலே தடுப்பவை என்பதால் முதலில் வைக்கிறேன்.

உங்கள் ஆவணங்களையும் படங்களையும் தனியான வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். அதே கணினியின் டி டிரைவில் வைப்பது காப்பு ஆகாது. நிறுவும்போது ஒரு தவறான சொடுக்கில் முழு டிஸ்க்கும் அழிந்துவிடும். அடுத்து, அமைப்புகளில் டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். நீங்கள் எப்போதும் தொடாவிட்டாலும், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்த மடிக்கணினிகளில் அது தானாகவே இயங்கத் தொடங்கியிருக்கக்கூடும். இயங்கினால், 48 இலக்க மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கின் வலைப்பக்கத்திலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

மூன்றாவதாக, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதன் குறியை நீக்குங்கள். இது இயங்கும்வரை, நீங்கள் ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அரைத்தூக்கத்தில் கிடக்கிறது. அந்த நிலையில் உள்ள டிஸ்க்கை லினக்ஸ் தொடத் தயங்குவது நியாயமே. சில வைஃபை அட்டைகளும் அந்த அரைத்தூக்கத்திலிருந்து எழாமல் லினக்ஸில் காணாமல் போவதுண்டு.

கடைசியாக, உங்கள் அன்றாட வேலை எந்த மென்பொருளை நம்பியிருக்கிறது என்று பட்டியலிடுங்கள். டேலி, போட்டோஷாப் போன்றவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் மூலம் ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு; ஆனால் கணக்கு வழக்கு போன்ற வேலையை அதை நம்பி ஒப்படைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அத்தகைய தேவை இருந்தால், லினக்ஸுக்கென்று சிறிய எஸ்எஸ்டி ஒன்றைத் தனியாகப் பொருத்திக்கொண்டு விண்டோஸை அதன் போக்கில் விட்டுவைப்பது, ஒரே டிஸ்க்கைக் கூறுபோடுவதைவிடப் பல மடங்கு நிம்மதி தரும்.

அறிகுறி: பென்டிரைவைச் செருகியும் விண்டோஸே திறக்கிறது

மிண்டை எழுதிய பென்டிரைவைச் செருகி, கணினியை இயக்கிய உடனே, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ, ஏசர் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால், எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் சென்று எஃப்12 பூட் மெனு என்ற வரியை இயக்கிவிட வேண்டியிருக்கும்.

மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், புதிய தொடக்க முறையைக் குறிக்கும் யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதையே தேர்ந்தெடுங்கள். முன்னொட்டு இல்லாதது பழைய லெகசி முறையில் தொடங்கும். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க லினக்ஸை லெகசி முறையில் நிறுவினால், பின்னர் இரண்டும் ஒரே மெனுவில் சேராது. இந்தச் சிறிய தேர்வில் கவனம் தவறுவதால்தான் பிற்பாடு பலர் விண்டோஸ் தொலைந்துவிட்டது என்று பதறுகிறார்கள்.

பென்டிரைவ் மெனுவிலேயே வரவில்லை என்றால், பதிவிறக்கிய ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பைப் பென்டிரைவுக்குள் வெறுமனே நகலெடுத்து ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் போன்ற கருவியால் அதை எழுத வேண்டும். எழுதி முடித்ததும், இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று விண்டோஸ் கேட்கக்கூடும். விண்டோஸுக்குப் புரியாத வடிவில் பென்டிரைவ் இருப்பதே அதற்குக் காரணம். கேன்சல் கொடுங்கள், ஆம் என்று சொன்னால் எழுதியது அனைத்தும் அழிந்துவிடும்.

ஷிம், எஸ்பிஏடி ஆகிய சொற்களோடு பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற ஆங்கிலச் செய்தி தோன்றிக் கணினி அணைந்துவிட்டால், பென்டிரைவில் இருப்பது பழைய ஐஎஸ்ஓ என்று பொருள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் இற்றை ஒன்று, பழைய லினக்ஸ் தொடக்கிகளை, நம்பகமானவற்றை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற பயாஸ் பாதுகாப்பு நிராகரிக்கும்படி செய்தது. புதிய ஐஎஸ்ஓவைப் பதிவிறக்கி எழுதுவதே முறையான தீர்வு.

அறிகுறி: தொடங்குகிறது, ஆனால் ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர் என்ற வரிகள் ஓடுகின்றன

பதிவிறக்கம் பழுதாகியிருக்க வேண்டும். அல்லது பென்டிரைவ் பழுதாகியிருக்க வேண்டும். விண்டோஸில் செவன்-ஜிப் நிறுவியிருந்தால், ஐஎஸ்ஓ கோப்பின்மேல் வலச்சொடுக்கி எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு, மிண்டின் பதிவிறக்கப் பக்கத்தில் தரப்பட்டிருக்கும் 64 எழுத்து மதிப்போடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் மீண்டும் பதிவிறக்குங்கள். பொருந்தியும் பிழை தொடர்ந்தால் வேறு பென்டிரைவில் எழுதுங்கள். ரூஃபஸ் பயன்படுத்தினால் டிடி முறையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

கெர்னலுக்கு எக்ஸ்86-64 பிராசசர் தேவை என்ற செய்தி வந்தால், உங்கள் கணினி 32 பிட் வகை. அதற்கு மேற்கொண்டு முயல வேண்டாம்.

அறிகுறி: மிண்ட் சின்னம் தெரிந்தபின் திரை கறுத்துவிடுகிறது

என்விடியா வரைகலை அட்டை உள்ள கணினிகளில் இது அடிக்கடி நிகழ்வது. லினக்ஸுடன் வரும் நூவோ என்ற திறந்தமூல டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) சில அட்டைகளைச் சரியாக எழுப்புவதில்லை. கணினி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும், திரைக்கு மட்டும் எதுவும் வராது.

பென்டிரைவின் முதல் மெனுவில் இரண்டாவதாக உள்ள கம்பாட்டிபிலிட்டி மோட் என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் திரை வந்துவிடும். படம் பெரிதாகவும் மங்கலாகவும் தெரியலாம். நிறுவுவதற்கு அது போதும். நிறுவி முடித்து முதன்முறை தொடங்கும்போது மறுபடியும் திரை கறுத்தால், கணினியை இயக்கியதும் தயாரிப்பாளரின் சின்னம் மறையும் தருணத்தில் எஸ்கேப் விசையை ஒருமுறை மட்டும் தட்டி, எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவை வரவழையுங்கள். பலமுறை தட்டினால் மெனுவைத் தாண்டிக் கிரப் என்ற சொல்லும் ஒரு குறியும் மட்டும் உள்ள கறுப்புத் திரைக்குப் போய்விடுவீர்கள்.

மெனுவில் முதல் வரியில் நின்று ஆங்கில இ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் முடிவில் குவயட் ஸ்பிளாஷ் என்ற இரு சொற்கள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு, நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றிச் சிற்றெழுத்துகளில் சேர்த்தெழுதி எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால் தவறாகத் தட்டினாலும் கெடுதல் இல்லை. மேசைத்திரை வந்தபின் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்துள்ள என்விடியா டிரைவரை நிறுவி, மறுதொடக்கம் செய்யுங்கள்.

இங்கே ஒரு கிளைச் சிக்கல் உண்டு. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இந்த டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கும்படி கேட்கப்படும். அடுத்த தொடக்கத்தில் எம்ஓகே மேனேஜ்மென்ட் என்ற தலைப்புடன் ஒரு நீலத்திரை தோன்றும். விண்டோஸின் நீலத்திரையை நினைத்துப் பலர் பயந்து கணினியை அணைத்துவிடுகிறார்கள், அல்லது சில நொடிகள் விட்டுவிட்டால் அது தானாகவே கடந்துபோகிறது. அவ்வாறு போனால் டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் இயங்காது. நீலத்திரையில் என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, எஸ் என்று வரிசையாகத் தேர்ந்து, முன்பு வைத்த கடவுச்சொல்லைத் தந்து, ரீபூட் கொடுக்க வேண்டும். தவறவிட்டவர்கள் டிரைவர் மேனேஜரில் அந்த டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் வாய்ப்பு மறுபடி வரும். இல்லையேல் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம்.

என்விடியாவின் 400, 500 வரிசை அட்டைகளுக்கான டிரைவர் ஆதரவு 2022-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அத்தகைய அட்டையோடு மல்லுக்கட்டுவதைவிட, மேசைக் கணினியாக இருந்தால் அட்டையைக் கழற்றிவிட்டு, தாய்ப்பலகையில் காட்சி இணைப்பு இருக்குமானால் பிராசசருடன் வரும் இன்டெல் வரைகலையைப் பயன்படுத்துவது நல்லது.

அறிகுறி: நிறுவும் கட்டத்தில் பென்டிரைவ் மட்டும் தெரிகிறது, கணினியின் டிஸ்க் தெரியவில்லை

பல தயாரிப்பாளர்கள் மடிக்கணினியின் டிஸ்க்கை இன்டெல் ஆர்எஸ்டி என்ற ரெய்டு முறையில் அமைத்து விற்கிறார்கள். அந்த முறையில் டிஸ்க் நிறுவிக்குப் புலப்படாமல் போகலாம். பயாஸில் சாட்டா மோட் அல்லது சாட்டா ஆபரேஷன் என்ற பெயரில் இருக்கும் அமைப்பை ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும். பதினோராம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகளில் இது விஎம்டி கன்ட்ரோலர் என்ற பெயரில் இருக்கும். அதை அணைக்க வேண்டும். ஏசரின் சில மடிக்கணினிகளில் அந்த வரி மறைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வெளிப்படும்.

விண்டோஸை முழுதாக நீக்கப்போகிறீர்கள் என்றால் இதை நேரடியாக மாற்றிவிடலாம். விண்டோஸும் வேண்டும் என்றால் ஒழுங்கு மாறாமல் செய்ய வேண்டும். இல்லையேல் விண்டோஸ் தொடங்கும்போதே, தன் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்ற நீலத்திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் கருவியைத் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட், மினிமல் ஆகியவற்றைக் குறியிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் திறக்கும் முன்பே பயாஸுக்குள் சென்று ஏஎச்சிஐக்கு மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் இப்போது சேஃப் மோடில் திறந்து, புதிய முறைக்கான டிரைவரை ஏற்றிக்கொள்ளும். பிறகு அதே கருவியில் குறியை நீக்கி மறுதொடக்கம் செய்தால் வேலை முடிந்தது. சேஃப் மோடில் நான்கு இலக்கப் பின் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால், கணக்கின் உண்மையான கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் விண்டோஸுடன் சேர்த்து நிறுவுக என்ற தேர்வு மட்டும் வரவில்லை என்றால், பிட்லாக்கர் இன்னும் இயங்குகிறது அல்லது பென்டிரைவை லெகசி முறையில் தொடங்கியிருக்கிறீர்கள். முன்னதை விண்டோஸில் அணைத்து, டிஸ்க் முழுவதும் மறைகுறி நீங்கும்வரை காத்திருக்க வேண்டும்; பெரிய டிஸ்க்கில் அதற்கு மணிக்கணக்கில் ஆகலாம்.

அறிகுறி: விண்டோஸ் திடீரென 48 இலக்க எண்ணைக் கேட்கிறது

பயாஸில் செக்யூர் பூட்டையோ டிஸ்க் முறையையோ மாற்றியதை பிட்லாக்கர் கண்டுகொண்டது. இது பழுதன்று, அதன் கடமை. எழுதி வைத்த எண்ணைத் தந்தால் திறந்துவிடும். எண் கையில் இல்லாவிட்டால், கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து தேடுங்கள். அதற்குமுன், மாற்றிய அமைப்பைப் பழையபடி வைத்துப் பார்த்தால் சில வேளைகளில் கேள்வியே எழாமல் போகும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் அந்தத் தரவை மீட்க எந்தக் கருவியாலும் இயலாது.

அறிகுறி: நிறுவி முடித்தபின் மிண்டுக்குப் பதில் விண்டோஸே திறக்கிறது, அல்லது பூட் டிவைஸ் இல்லை என்கிறது

பயாஸின் பூட் வரிசையில் உபுண்டு என்ற பெயரைத் தேடுங்கள். மிண்ட் தன் தொடக்கக் கோப்புகளை உபுண்டு என்ற பெயருள்ள கோப்புறையில்தான் வைக்கிறது என்பதால் பட்டியலிலும் அந்தப் பெயரே வரும். வேறொன்று நிறுவப்பட்டுவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். அதை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே நகர்த்திச் சேமியுங்கள்.

ஏசரில் இந்தப் பெயர் பட்டியலில் வராமலோ, வந்தும் ஏற்கப்படாமலோ போவதுண்டு. அங்கே பயாஸின் செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் கடவுச்சொல் ஒன்றை வைத்தால்தான், யூஇஎஃப்ஐ கோப்பை நம்பகமானதாகத் தேர்ந்தெடுக்கும் வரி உயிர்பெறும். அதற்குள் டிஸ்க், இஎஃப்ஐ, உபுண்டு என்று கோப்புறைகளில் இறங்கி, ஷிம் என்று தொடங்கும் கோப்பைத் தேர்ந்து, அதற்கு ஒரு பெயரிட்டுச் சேமிக்க வேண்டும். பின்பு அந்தப் பெயர் பூட் வரிசையில் தோன்றும். வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் கடவுச்சொல்லை வெறுமையாக்கிவிடுங்கள். மறந்துபோன பயாஸ் கடவுச்சொல் பழுதுபார்ப்பவரிடம்தான் கொண்டுசேர்க்கும்.

இவை எதுவும் பலிக்காவிட்டால், பென்டிரைவிலிருந்து மீண்டும் மிண்டைத் தொடங்கி, இணையத்தோடு இணைத்து, மெனுவின் நிர்வாகப் பகுதியில் உள்ள பூட் ரிப்பேர் கருவியைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட பழுதுநீக்கம் என்ற பொத்தானை அழுத்துங்கள். கிரப்பை மறுபடி நிறுவுவதும் விண்டோஸை மெனுவில் சேர்ப்பதும் அதன் பணி. பென்டிரைவை இப்போதும் யூஇஎஃப்ஐ முறையிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

அறிகுறி: வைஃபை பெயர்கள் எதுவும் தெரியவில்லை

டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற இந்தச் சுழலை உடைக்க எளிய வழி கைப்பேசி. ஆண்ட்ராய்டு கைப்பேசியைத் தரவுக் கம்பியால் இணைத்து, அதன் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். மிண்ட் அதைக் கம்பிவழி இணைப்பாக ஏற்றுக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால், அட்டைக்கு உரிய டிரைவர் பட்டியலில் வரும்.

பழைய டெல், எச்பி, லெனோவோ மடிக்கணினிகளில் உள்ள பிராட்காம் அட்டைகளுக்கே இது பெரும்பாலும் தேவைப்படுகிறது. கைப்பேசியும் இல்லாதபோது, நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவைச் செருகியபடி டிரைவர் மேனேஜரைத் திறந்தால், அதிலிருந்தே பிராட்காம் டிரைவரை எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. செக்யூர் பூட் இயங்கினால் இங்கும் அந்த நீலத்திரை வரும்.

டிரைவர் மேனேஜர் எதுவும் தேவையில்லை என்று சொல்லியும் வைஃபை வராவிட்டால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நினைவுகூருங்கள். விண்டோஸுக்குள் சென்று அதை அணைத்து, ரீஸ்டார்ட் கொடுத்து மிண்டுக்குத் திரும்புங்கள். விமானப் பயண முறைக்கான விசை தவறி அழுந்தியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்ப்பதில் இழுக்கில்லை.

அறிகுறி: விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது

இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்போருக்கு மட்டும் வருவது இது. தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தில் உலகப் பொதுநேரம் இருப்பதாக லினக்ஸ் கொள்கிறது. உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் கொள்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இரண்டுக்கும் இடைவெளி 5:30 மணி என்பதால், காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்தால் நாலரை என்று காட்டும். லினக்ஸை விண்டோஸின் வழக்கத்துக்கு மாற்றுவது எளிது: கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளைக்கு, உள்ளூர் நேரத்தை வன்பொருள் கடிகாரத்தில் வைக்கச் சொல்லும் செட்-லோக்கல்-ஆர்டிசி (set-local-rtc) என்ற துணைச்சொல்லும் 1 என்ற எண்ணும் கொடுத்தால் போதும். கோடை நேர மாற்றம் இல்லாத நம் நாடுகளில் இதனால் தீங்கு ஏதும் நேராது.

கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய், உலாவி எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று தடுத்தால் அது வேறு நோய். தாய்ப்பலகையின் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: டி டிரைவில் உள்ள கோப்புகளைத் திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை, அல்லது டிரைவே திறக்க மறுக்கிறது

மீண்டும் அரைத்தூக்கம்தான். விண்டோஸ் முழுமையாக அணையாதபோதும், எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனபோதும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவ டிஸ்க்கில் ஓர் எச்சரிக்கைக் குறி நின்றுவிடுகிறது. அதைக் காணும் லினக்ஸ், படிக்க மட்டும் அனுமதிக்கும். அல்லது அணுகவே மறுக்கும். விண்டோஸுக்குள் சென்று அந்த டிரைவின் பண்புகளில் பிழைச் சோதனையை ஓட்டி, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். லினக்ஸிலிருந்தே கட்டாயமாகக் குறியை அழிக்கும் கருவிகள் உள்ளன. விண்டோஸ் இல்லாமல் போன கணினியில் மட்டும், காப்பு எடுத்தபின் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: பழைய தமிழ் ஆவணங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன

தமிழ் வாசகர்களின் வீடுகளில் மற்றெல்லாச் சிக்கலும் தீர்ந்த பின்பும் எஞ்சி நிற்பது இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணத்துக்குள் தமிழே கிடையாது. பாமினியில் அம்மா என்று எழுதியது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே இருக்கிறது. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது. ஆவணம் கெட்டுவிடவில்லை.

உடனடித் தீர்வாக, பழைய விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவின் கோப்பை எடுத்து, மிண்டில் இருமுறை சொடுக்கி நிறுவிக்கொள்ளுங்கள். லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தால் எழுத்துகள் திரும்பிவிடும். நிலையான தீர்வு ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றுவது. அதற்கு உதவும் என்எச்எம் கன்வெர்ட்டர் விண்டோஸில் ஓடுவது என்பதால், நிறைய கோப்புகள் வைத்திருப்போர் விண்டோஸை விடும் முன்பே மாற்றிக்கொள்வது சுலபம். பைத்தான் அறிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பிலும் இந்த வசதி உண்டு. எதைப் பயன்படுத்தினாலும் மூலக்கோப்பை அழிக்காதீர்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்த பத்திகளில் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் குழப்பும், அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

தட்டச்சில் வரும் அறிகுறி வேறு. விசைப்பலகை அமைப்புகளில் தமிழ்நெட் 99 என்று சேர்த்திருப்பீர்கள். ஆனால் திரையில் விநோதக் குறிகள் விழும். அந்தப் பட்டியலில் டேப், டிஸ்கி என்ற பழைய குறியேற்றங்களுக்கான வகைகளும் அருகருகே இருக்கின்றன. தவறி அவற்றில் ஒன்றைச் சேர்த்துவிட்டீர்கள். அவற்றை நீக்கிவிடுங்கள். சரியானதைச் சேர்த்தபின்னும், க விசையைத் தட்டி ஆ விசையைத் தட்டினால் கா என்று கூடாமல் போவது இன்னொரு குறை. அந்த அமைப்பு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் மட்டும் இயங்குவது. முந்தைய எழுத்தைப் பார்த்து அடுத்ததைத் தீர்மானிக்கும் தமிழ் 99 விதிகள் அதற்குத் தெரியாது.

விதிகளோடு தட்டச்சிட, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தொகுப்பை நிறுவுங்கள். இன்புட் மெத்தட் கருவியில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். வெளியேறாமல் சோதித்துவிட்டு வரவில்லை என்று கைவிடுவோர் ஏராளம். பிறகு ஐபஸ் விருப்பத்தேர்வுகளில் தமிழின் கீழ் தமிழ் 99-ஐச் சேர்த்தால், விண்டோஸ் சின்னமுள்ள விசையும் இடைவெளி விசையும் சேர்ந்து மொழியை மாற்றும். ஒலிபெயர்ப்பு முறையும் பழைய தட்டச்சுப்பொறி முறையும் அதே பட்டியலில் கிடைக்கும்.

லிப்ரே ஆபிஸில் தமிழ்ப் பத்தியின் எழுத்துரு மாற மறுத்தால், அந்த மென்பொருள் தமிழைச் சிக்கலான உரையமைப்பு என்ற தனி வகையில் வைத்திருப்பதே காரணம். விருப்பத்தேர்வுகளின் மொழிப் பகுதியில் அந்த வகையை இயக்கித் தமிழைத் தேருங்கள். எழுத்துரு உரையாடல் பெட்டியில் அவ்வகைக்கெனத் தனியாக உள்ள இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழைக் கொடுங்கள். லதா, நிர்மலா இரண்டும் விண்டோஸுடன் வருபவை என்பதால், அவற்றில் அமைத்த ஆவணங்களில் வரி முறிவுகளும் பக்க எண்ணிக்கையும் சற்று நகரும்.

அறிகுறி: பிரிண்டருக்கு அனுப்பியது முடிந்தது என்கிறது, தாள் வரவில்லை

எச்பி லேசர்ஜெட் 1020 என்றால் காரணம் தெளிவு. அந்தப் பிரிண்டர் தன் இயக்க நிரலை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினி அதை அனுப்ப வேண்டும். எச்பி டூல்பாக்ஸை நிறுவி, அது கேட்கும் கூடுதல் பிளக்-இன்னை ஏற்றுக்கொண்டால், பிரிண்டரை அணைத்து இயக்கியதும் அச்சிடத் தொடங்கும்.

கேனான் எல்பிபி2900 கதை வேறு. அது கேப்ட் என்ற கேனானின் தனி மொழியை மட்டுமே புரிந்துகொள்ளும். லினக்ஸுக்கு கேனான் வெளியிட்ட டிரைவர் பழையது. 32 பிட் துணைக்கோப்புகளைத் தேடும். ஒவ்வொரு இற்றையின்போதும் தடுமாற வாய்ப்புள்ளது. எப்போதாவது ஒரு பக்கம் எடுப்பவர் முயன்று பார்க்கலாம். அன்றாடம் அச்சிடுபவர் பழைய விண்டோஸ் கணினி ஒன்றை அதற்கென ஒதுக்குவது அல்லது ஏர்பிரிண்ட் ஆதரவுள்ள பிரிண்டருக்கு மாறுவது மேல். ஏர்பிரிண்ட் உள்ளவை பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே மிண்டில் வந்துவிடுகின்றன.

அறிகுறி: ஒலி இல்லை

சவுண்ட் அமைப்பில் வெளியீடு எச்டிஎம்ஐ என்று இருந்தால் ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். டம்மி அவுட்புட் என்று மட்டும் இருந்தால், அப்டேட் மேனேஜரில் எல்லா இற்றைகளையும் ஏற்றி மறுதொடக்கம் செய்யுங்கள்.

அறிகுறி: நன்றாக ஓடியது, ஓர் இற்றைக்குப்பின் தொடங்கவில்லை

கிரப் மெனுவை வரவழைத்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் சென்று, பட்டியலில் இரண்டாவதாக உள்ள முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். திறந்துவிட்டால் புதிய கெர்னலில்தான் கோளாறு. அடுத்த இற்றை வரும்வரை பழையதிலேயே வேலை செய்யலாம், கெர்னல்களை நீக்கும் பொறுப்பையும் அப்டேட் மேனேஜரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அதிலும் திறக்காவிட்டால், இயங்குதளத்தின் நிலையைப் பதிந்து வைத்து மீட்கும் டைம்ஷிஃப்ட் கைகொடுக்கும், நிறுவிய அன்றே அதை அமைத்து ஒரு பதிவை எடுத்து வைத்திருந்தால். பென்டிரைவிலிருந்து மிண்டைத் தொடங்கி, அங்குள்ள டைம்ஷிஃப்டைத் திறந்து, உங்கள் டிஸ்க்கைக் காட்டினால் பழைய பதிவுகள் பட்டியலாகத் தெரியும். இற்றைக்கு முந்தைய தேதியைத் தேர்ந்து மீட்டெடுங்கள். இயல்பான அமைப்பில் அது இயங்குதளத்தை மட்டுமே பதிவு செய்கிறது. உங்கள் ஆவணங்களையும் படங்களையும் அது தொடுவதில்லை. பின்னோக்கி இழுப்பதுமில்லை, காப்பாற்றுவதுமில்லை. அவற்றுக்கு வெளி டிஸ்க்கில் தனியாக நகல் எடுத்துவர வேண்டும்.